புழுதி வந்த வழி

பங்குனி, சித்திரை மாதங்களில் ஓசூர்க்காரர் ஒருவரைப் பிடித்து, வீட்டுக்குள் வந்து விழும் செம்புழுதியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வடக்கே கையைக் காட்டி, "எல்லாம் கர்நாடகத்துச் சரக்கு, ஸார்!" என்பார். எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் கேட்டால் கை தெற்கே திரும்பும். ஜூஜூவாடிச் சாவடியில் லாரியை நிறுத்தலாம். காற்றை நிறுத்திக் காகிதம் கேட்க முடியுமா?

கல் உடைக்கும் குவாரிகளையும், ஓயாமல் ஓடும் லாரிகளையும் குற்றம் சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை. மோட்டார் சைக்கிள் முதல் கைக்கடிகாரம் வரையில் செய்கிற ஊரில் மண் அதன் இடத்தில் சும்மா கிடக்குமா? ஆயினும், கிளம்பிய புழுதியைச் சுவர் போல எழுப்பி ஊர்மேல் ஏவுகிற காற்று எங்கிருந்து வருகிறது? இதை விசாரிக்கப் புறப்பட்டேன். விசாரணை என்னை லாகூருக்கும் சிம்லாவுக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

1847-ம் வருஷம் லாகூரில் பாட்லி என்ற ராணுவ வைத்தியர் இருந்தார். புழுதிப் புயலின் மர்மத்தைக் கண்டுபிடிக்க அவர் வீட்டு மாடியில் ஒரு மூங்கிலை நட்டு, அதிலிருந்து ஒரு செப்புக் கம்பியை அறைக்குள் கொண்டுவந்தார். இரண்டொரு நாளில் ஒரு சிறு புயல் வந்தது. கம்பியிலிருந்து மின்பொறி சடசடவென்று பறந்தது! வைத்தியருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மின்சாரந்தான் புயலைக் கிளப்புகிறது என்று முடிவு கட்டி, 1860-ல் புத்தகமே போட்டுவிட்டார். பொறி பறந்தது வாஸ்தவம். துகள்கள் ஒன்றோடொன்று உராய்வதால் அது பிறக்கிறது. புயலின் விளைவைப் புயலுக்குக் காரணமாக எண்ணிவிட்டார், பாவம். ஒரு வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான் தெரியும். பல்லாயிரம் மைல் ஆகாயத்தை ஒரே சமயத்தில் பார்க்கும் கண் அன்று யாருக்கும் இல்லை.

அந்தக் கண்ணைத் திறந்தது பஞ்சம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. 1965-ல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது, 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம். 1871-ல் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் எண்ணினபோது சுமார் 16 லட்சந்தான் இருந்தது. நடுவிலே கிடப்பது 1876-78 தாது வருஷப் பஞ்சம். செத்தவர்கள் எத்தனை பேர், ஊரை விட்டு ஓடியவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்வதில்லை. மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி சர்க்காரையும் உறுத்தத் தொடங்கிற்று. வானிலை அதிகாரி பிளான்ஃபோர்டு, 1884-ல் இமயத்துப் பனிக்கும் நம்முடைய மழைக்கும் முடிச்சுப் போட்டார்.

1904-ல் அந்தப் பதவிக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணித மேதை. பூமராங் எறிவதிலும் புல்லாங்குழலிலும் பைத்தியம். 1913-ல் சென்னைத் துறைமுக ஆபீசுக்கு வந்தவர் ஒரு குமாஸ்தாவின் கணக்கு நோட்டுகளைப் பார்த்துவிட்டு, இந்தப் பையனுக்கு உதவி செய்யவேண்டுமென்று சர்வகலாசாலைக்கு எழுதினார். அந்தக் குமாஸ்தாதான் ராமானுஜன். வாக்கர் சிம்லாவில் உட்கார்ந்து, இந்தியக் குமாஸ்தாக்களைக்கொண்டு உலகத்து ஊர்களின் காற்றழுத்தக் கணக்குகளையெல்லாம் ஒப்பிட்டார். பசிபிக் சமுத்திரத்துப் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்து சமுத்திரத்துப் பக்கம் இறங்குகிறது; இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது. பிரம்மாண்டமான ஓர் ஏற்றம்! 1924-ல் அதற்குத் 'தென் அலைவு' என்று பெயரிட்டார். அந்த ஏற்றம் ஒரு பக்கம் சாய்ந்து பசிபிக் கடல் சூடேறும் வருஷங்களில் நமது தென்மேற்குப் பருவமழை பல தடவை பொய்க்கிறது; 1877-ம் அப்படிப்பட்ட வருஷம். மழை பொய்த்தால் ஏரி வறளும். ஏரி வறண்டால் காற்றுக்கு வேண்டிய மட்டும் புழுதி கிடைக்கும்.

இனி, அந்தக் காற்றின் சமாசாரம். மாசி கழிந்து பூமி காய்ந்ததும், வடமேற்கிலிருந்து வறண்ட காற்று தக்காணத்தின்மேல் இறங்கி வருகிறது. வங்கக் கடலிலிருந்து ஈரக் காற்று ஏறி வருகிறது. இரண்டும் சந்திக்கும் கோடு, மகாராஷ்டிரத்திலிருந்து கர்நாடக உள்நாட்டின் வழியாகத் தமிழ்நாட்டு உள் மாவட்டங்கள் வரையில் பல நாட்களில் நீண்டு கிடக்கும். ஓசூர் அந்தக் கோட்டின் பாதையில் இருக்கிறது. மத்தியான வெயிலில் அங்கே மேகம் கோபுரமாக எழும்புகிறது. அதிலிருந்து விழும் மழையில் பாதி வழியிலேயே ஆவியாகிவிட, குளிர்ந்து கனத்த காற்று தடாலென்று தரையில் மோதி நாலாபக்கமும் பாய்கிறது. மழைக்கு முன்னால் ஓடி வரும் புழுதிச் சுவர் அதுதான்.

வடக்கே இதே சந்திப்பு கொலைகாரனாகி விடுகிறது. 2018 மே 2-ந் தேதி இரவு, மேற்கிலிருந்து வந்த காற்றுக் கலக்கமும் வங்கக் கடலின் ஈரக் காற்றும் கைகோத்து, ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றன. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சுவர் இடிந்து விழுந்தது. மண் சுவருக்கும் தகரக் கூரைக்கும் கீழே படுத்திருந்த ஏழைகளே பெரும்பாலோர்.

இப்போது வானிலை இலாகா ரேடாரில் மேகத்தைப் பார்த்து அடுத்த மூன்று மணி நேரத்துக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. மூன்று மணி நேரம் கொஞ்சமல்ல. ஆனால் ஓசூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றித் தகரக் கொட்டகைகளில் இரவு வேலை முடிந்து பகலில் தூங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அவர்கள் கதவைத் தட்டி எழுப்பப் போகிறவர் யார் என்று நானும் பல பேரைக் கேட்டுவிட்டேன். ஒவ்வொருவரும் இன்னொருவரைச் சொல்கிறார்கள்.