தோட்டத்து உதவிநிதியும் தலைக்கணக்கும்

அரசின் உதவி பெறுவோர் எத்தனை பேர் என்னும் வினா எளிதாகத் தோன்றும். ஆனால் எண்ணுகிறவன் எதனை எண்ணுகிறான் என்பதைப் பொறுத்தே விடை அமையும். நம் தோட்ட மக்களின் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும்.

1907ஆம் ஆண்டில் மலாயாவில் தமிழர் குடிநுழைவு நிதி நிறுவப்பெற்றது. பின்னர் அது இந்தியர் குடிநுழைவு நிதி எனப் பெயர் மாறிற்று. தொழிலாளர் எத்தனை நாள் உழைத்தனர் என்ற கணக்கின்படி தோட்ட முதலாளிமார் அதற்கு வரி செலுத்தினர். கப்பற் பயணமும் கங்காணிமாரின் ஆள் சேர்ப்பும் அப்பணத்தால் நடந்தன. தளர்ந்தோரைப் பேணவும் தாயகம் அனுப்பவும் ஒரு பகுதி பயன்பட்டது. ஆகவே, பெரட்டுக் களத்தில் கிராணி செக்ரோலில் இட்ட குறியே நிதியின் ஊற்று. உழைத்த நாள் எண்ணப்பட்டது. உதவி வேண்டி நின்ற வாய் எண்ணப்படவில்லை.

கேமரன் மலைக்குத் தேயிலை வந்தது பிற்காலத்தில்தான். ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். தாப்பாவிலிருந்து மலைச் சாலை திறக்கப்பட்டது 1931இல். அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1938இல், உதவி பெற்று வரும் தொழிலாளரின் பயணத்தை இந்திய அரசு தடை செய்தது. ஆள் வரவழைக்கும் நோக்கம் மறைந்தும் நிதி மறையவில்லை. 1958இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாயிற்று. 1999இல் கலைக்கப்பட்டது. இதனிடையே, சயாம் மரண இரயில்பாதை எண்ணற்ற தோட்டக் குடும்பங்களைக் குலைத்த பின்னர், 1946இல் சமூக நல இலாகா பிறந்தது.

பள்ளிக் கணக்கு ஈண்டு சிறப்பாக நோக்கத்தக்கது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என்பது அன்றைய தொழிலாளர் சட்டத்தின் விதி. அரசின் மானியமோ வருகையைப் பார்த்தது. தாய் கொழுந்து பறிக்கச் சென்றால் தம்பியைக் காக்க அக்காள் லயத்தில் தங்குவாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே வெற்றிடம். எந்த வீட்டில் வறுமை மிகுதியோ அந்த வீட்டுப் பிள்ளையே அதிகமாக வராத பிள்ளை. எனவே வறுமை மிகுந்த பள்ளிக்கு மானியம் குறைந்தது! சட்டம் எழுதியோர் தீயோர் அல்லர். தலைகளை எண்ணினர், வீட்டை எண்ணவில்லை.

பிற்காலத் திட்டங்களில் எண்ணிக்கை வேறு வழியில் ஏறி இறங்கிற்று. 2012இல் முதலாம் ஆண்டு முதல் ஐந்தாம் படிவம் வரை மாணவர் அனைவருக்கும் 100 வெள்ளி கிடைத்தது. 2019இல் மாத வருமானம் 3,000 வெள்ளிக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அது உரியதாயிற்று. 2023இல் மீண்டும் அனைவருக்கும், 150 வெள்ளியாக. இவ்வாண்டுகளின் பட்டியல்களை மட்டும் பார்ப்பவர், வறுமை ஒருகால் பெருகி, ஒருகால் சுருங்கியது எனக் கருதிவிடுவார். மாறியது விதியே.

வறிய மாணவர் நிதி 2003இல் ஏற்பட்ட பின், வருமானத்தை விசாரித்து எழுதும் வேலை ஆசிரியர் மேசைக்கு வந்தது. கொழுந்து நிறைய விளையும் மாதத்தில் நிறுவைக் காசு கூடும். மழை மாதத்தில் குறையும். எந்த மாதத்துச் சம்பளத்தை எழுதுவது எனத் தாய் கேட்பாள். பாரத்தில் வருமானத்திற்கு உள்ள கட்டம் ஒன்றுதான்.