கணக்குக் கோவையை யந்திரம் கற்ற வரலாறு

2 + 3 × 4 என்று பலகையில் எழுதினால் பள்ளிச் சிறுவனும் 14 என்பான். பெருக்கலே முந்தியது என்ற மரபு அவனுக்குப் பழகியிருக்கிறது. இடமிருந்து வலமாக வாசிக்கும் கணிப்பொறியை அதன் போக்கில் விட்டால் 20 என்று விடை தரும். இவ்வேற்றுமையைக் களைய அறிஞர் முயன்ற வரலாற்றை நாம் இங்கே காண்போம்.

ஐ. பி. எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் உருவாகி, 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் ஒரு வேடிக்கையான உபாயத்தைக் கையாண்டது. கூட்டலும் பெருக்கலும் மட்டும் உள்ள கோவையானால், கூட்டற்குறியின் இருபுறமும் இரண்டிரண்டு அடைப்புக்குறிகள், பெருக்கற்குறிக்கு ஒவ்வொன்று, கோவையின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு. நம் கோவை ((2))+((3)×(4)) என்றாயிற்று. அழகில்லைதான், ஆனால் விடை பிசகாது.

1961-இல் டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா இன்னும் தெளிவான வழியை வகுத்தார். பெரிய ஜங்ஷன்களில் ரயில் பெட்டிகளை ஷண்டிங் செய்வதை, ஊருக்குப் போகும் வழியில் நேயர்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அதுவே அவர் காட்டிய உவமை. எண்கள் நேரே செல்லும். குறிகள் கிளைப்பாதையில் ஒதுங்கும். 2 சென்றதும் கூட்டற்குறி ஒதுங்குகிறது. 3-க்குப் பின் வரும் பெருக்கற்குறி, தன்னினும் தாழ்ந்த கூட்டற்குறியை வெளியேற்றாமல், அதன் பின்னே நிற்கிறது. 4-உம் சென்றபின், கடைசியில் ஒதுங்கிய பெருக்கலே முதலில் வெளிவருகிறது. 2 3 4 × + என்ற அவ்வரிசையை யந்திரம் தயங்காமல் கணக்கிடும்.

இவ்வளவு தெளிந்த பின்னும், நிரல்களைக் கட்டியெழுப்பும் கருவிகளுக்குக் கணக்கு எட்டவில்லை. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் படைத்த 'மேக்', எந்தக் கோப்பு எதனினும் புதியது என்பதையே கவனித்தது. ஒன்றைக் கூட்டவும் வெளியே 'எக்ஸ்பர்' என்ற வேறொரு நிரலை அழைக்க வேண்டியிருந்தது.

பின்னர் வந்த 'சிமேக்' கருவியில் 'மேத்' என்றே ஒரு கட்டளை அமைந்தது. அக்கருவிக்கு 14 என்பது எண்ணன்று, இரண்டு எழுத்துக்கள். ஆகவே கட்டளை முதலில் எழுத்துத் தொடரைச் சொற்களாகப் பிரிக்கிறது. இலக்கண விதிகளின்படி அடுக்குகிறது. முழு எண்களாகக் கணக்கிட்டு, விடையை மீண்டும் எழுத்துக்களாக்கித் தருகிறது. பகுக்கும் பகுதியைக் கையால் எழுதவில்லை. இலக்கணத்தைக் கொடுத்தால் பகுப்பானைத் தரும் 'யாக்' வகைக் கருவியே அதனை ஆக்கிற்று. யாக்கும் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் படைத்ததே.

7-ஐ 2-ஆல் வகுத்தால் இக்கட்டளை 3 என்று மட்டும் சொல்லும், மீதியை விட்டுவிடும். பூச்சியத்தால் வகுக்கச் சொன்னாலோ விடை தராது, பிழை கூறும். அதுவே நன்று என்போம் நாம். தவறான அளவொன்று ஓசையின்றி நிரலுக்குள் புகுந்துவிட்டால், பின்னர் அதனைத் தேடிப் பிடிப்பது எளிதன்று.