பழைய கணினி எழும்பத் தாமதமா? 'ஃபோர்மட்' செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

உக்குவளையில் பழைய மேசைக் கணினிகளைத் திருத்திக் கொடுக்கும் வேலை செய்கிறேன். என்னிடம் வருபவர்களில் அநேகருடைய முறைப்பாடு ஒன்றுதான்: "ஓன் பண்ணிட்டு தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வரலாம் தம்பி." அவர்கள் கேட்கும் வைத்தியமும் ஒன்றுதான்: "ஃபோர்மட் பண்ணித் தாங்க."

2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அந்த மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அதன் பிறகு புதிய கணினி வாங்குவது பல வீடுகளுக்கு எட்டாத காரியமாகிவிட்டது. பத்து, பன்னிரண்டு வருடப் பழைய கணினிகள்தான் இன்னும் பிள்ளைகளின் பாடங்களுக்கும் சிறு கடைகளின் கணக்குக்கும் உழைக்கின்றன. அவற்றுக்குள் உயர்தர மாணவரின் குறிப்புகள், வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய படங்கள், கடையின் கடன் கொப்பி எல்லாம் இருக்கும். பெரும்பாலும் அவற்றுக்கு வேறு பிரதி இருப்பதில்லை.

தாமதம் என்பது நோய் அல்ல, அறிகுறி. சில வேளை அது ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது என்ற எச்சரிக்கை. அந்த நிலையில் ஃபோர்மட் செய்தால் கணினி குணமாகாது. உள்ளே இருப்பதும் போய்விடும். ஆகவே முதலில் நோய் எது என்று பாருங்கள்.

நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள்

கைத்தொலைபேசியில் இருக்கும் நேரமானியை எடுத்து மூன்று கட்டங்களையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். பொத்தானை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் சின்னம் தோன்றும் வரை முதலாவது. சின்னத்திலிருந்து திரை முகப்பு வரும் வரை இரண்டாவது. முகப்பு வந்தபின் ஒரு கோப்பைத் திறக்கக்கூடிய நிலை வரும் வரை மூன்றாவது.

முதலாவது கட்டம்: விண்டோஸுக்கு முன்

இங்கே தாமதம் என்றால் விண்டோஸில் குற்றமில்லை. ஃபோர்மட் செய்தும் பயனில்லை. செருகியபடி மறந்துவிட்ட பென் டிரைவைக் கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் திகதி பிழையாக வந்தாலோ, எஃப்1 பொத்தானை அழுத்தச் சொல்லி நின்றாலோ, மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பெட்டரியை மாற்றுங்கள். திகதி பிழைத்தால் இணையத்தளங்களும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். டிஸ்க்கைக் கண்டுபிடிக்கவே நெடுநேரம் எடுத்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது கட்டம்: ஹார்ட் டிஸ்க்

நான் பார்க்கும் கணினிகளில் அதிகமானவற்றின் சிக்கல் இங்கேதான். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் தட்டு, விநாடிக்கு 120 முறை சுற்றுகிறது. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரும் வரை ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். அதனால் அங்கும் இங்குமாகச் சிதறிய சிறு கோப்புகளை விநாடிக்கு நூறு தடவை அளவில்தான் வாசிக்க முடியும். விண்டோஸ் எழும்பும்போது அப்படி ஆயிரக்கணக்கில் வாசிக்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே இல்லை. அதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும்.

ஆனால் எஸ்எஸ்டி வாங்க ஓடுவதற்கு முன் இருக்கும் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் நிறத்தில் காட்டிவிடும். நீலம் என்றால் நல்லது. மஞ்சள் என்றால் வாசிக்க முடியாத பகுதிகள் உருவாகத் தொடங்கியிருக்கலாம். சிவப்பு என்றால் முடிவு நெருங்கிவிட்டது. கெட்ட பகுதி ஒன்றைத் தொடும்போது டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்று பல விநாடிகள் தொங்கி நிற்கும். உங்கள் தேத்தண்ணி நேரம் அங்கேதான் போகிறது.

மஞ்சளோ சிவப்போ தெரிந்தால், அல்லது "டிக், டிக்" என்ற சத்தம் கேட்டால், டிஃபிராக், டிஸ்க் செக், ஃபோர்மட் எதையும் செய்யாதீர்கள். அவை சாகும் டிஸ்க்கை மேலும் ஓடவைக்கும். முக்கியமான கோப்புகளை முதலில் வேறொரு டிரைவுக்கு எடுங்கள். படங்களும் ஆவணங்களும் முதலில், சினிமாப் படங்கள் கடைசியில்.

மூன்றாவது கட்டம்: முகப்பு வந்த பின்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியில், கணினியோடு சேர்ந்து எழும்பும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கும். வீடியோ அழைப்பு, பாட்டு, பிரின்டர் உதவியாளர் போன்றவற்றை முடக்கலாம். முடக்குவது அழிப்பது அல்ல, வேண்டும்போது திறக்கலாம். வைரஸ் தடுப்பு மட்டும் இருக்கட்டும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு வைரஸ் தடுப்புகள் வேண்டாம்.

ரேம் 2 ஜிபி என்றால் போதாது. 4 ஜிபி என்றாலும் பிரவுசரைத் திறந்ததும் திணறும். வாங்க முன் பழைய ரேமைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போங்கள். டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

கரன்ட் போகும் ஊரில்

மகாவலி நீரைப் பொல்கொல்லையிலிருந்து சுரங்கத்தால் கொண்டுவந்து 1976 முதல் மின்சாரம் எடுப்பது எங்கள் உக்குவளையில்தான். இருந்தும் மழைக்காலத்தில் கம்பியில் கிளை விழுந்தால் எங்களுக்கும் இருட்டுத்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் சிதையலாம். அடுத்த முறை எழும்பும்போது விண்டோஸ் டிஸ்க்கைச் சோதிக்கத் தொடங்கி இன்னும் தாமதிக்கலாம். மின்வெட்டுக்குப் பிறகு ஒருமுறை மட்டும் தாமதம் என்றால் பயப்பட வேண்டாம். சிறிய யூபிஎஸ் ஒன்று இருந்தால் ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடங்கள் கிடைக்கும்.

இன்னொன்று: விண்டோஸ் 8 முதல் 'ஷட் டவுன்' செய்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. விரைவாக எழும்புவதற்காக உள்நிலையின் ஒரு பகுதியை டிஸ்க்கில் சேமித்து வைக்கிறது. பல நாள் சேர்ந்த சிக்கலைத் தீர்க்க 'ரீஸ்டார்ட்' கொடுங்கள்.

எதற்குச் செலவழிப்பது?

ஒரே ஒரு பாகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், ரேம் 4 ஜிபியாவது இருக்கும் கணினிக்கு எஸ்எஸ்டி வாங்குங்கள். 240 ஜிபி வீட்டுப் பாவனைக்குப் போதும். பழைய மதர்போர்டில் அதன் முழு வேகம் கிடைக்காது. ஆனாலும் எழும்பும் நேரத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். புதியதில் விண்டோஸைப் பதிந்தபின், எல்லாக் கோப்புகளும் வந்துவிட்டன என்று உறுதியாகும் வரை பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. நீடித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்த வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை தரப்படும் என மைக்ரோசொப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். அதற்குத் தகுதியில்லாத கணினியில் லினக்ஸ் மின்ட் இலவசமாக ஓடும். தமிழிலும் தட்டச்சு செய்யலாம்.

கடைக்குக் கொண்டு போவதானால் இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள்: "டிஸ்க்கின் நிலை என்ன? உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்துவிட்டீர்களா?" இரண்டுக்கும் பதில் கிடைக்காமல் ஃபோர்மட் செய்யச் சம்மதிக்காதீர்கள்.