ஆற்றங்கரையில் ஓர் இரவு: மாட்டுப்பட்டி முதல் சின்னாறு வரை அனுமதியின் வரலாறு

மாடு அடைக்கும் பட்டி என்ற பழைய தொழிலை மாட்டுப்பட்டி தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. இன்று மூணாறிலிருந்து வருபவர் அங்கே காண்பது 1953இல் கட்டி முடித்த அணையும் படகுத்துறையும்தான். அங்கே டிக்கெட் வாங்கினால் படகேறலாம். ஆனால் இம்மலைகளில் கட்டுப்படாமல் ஓடும் ஆறுகளின் கரையில் இரவு தங்குவது அவ்வளவு எளிதாக இருந்ததில்லை. அந்த அனுமதி யார் கையில் இருந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் அது தோட்டக் கம்பெனியின் கையில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ணன் தேவன் மலைகள் தேயிலைக்காடாயின. இரவிகுளம் புல்வெளி மட்டும் துரைமார்களின் வேட்டைக்காடாக ஒதுங்கியது. ஓடைகளில் டிரவுட் மீன் விட்டார்கள், தூண்டில் போட வருபவர் தங்கக் குடில் போட்டார்கள். 1928இல் வனவிலங்குப் பாதுகாப்புக்கென்றே ஒரு சங்கமும் வைத்தார்கள். வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கட்டுப்பாடு இருந்தது. காவலர்களும், விலங்கைப் புதரிலிருந்து கிளப்பித் துப்பாக்கியின் முன்னே விரட்டிக் கொடுத்தவர்களும் முதுவர் பழங்குடியினர். எந்தப் பாறையில் வரையாடு நிற்கும், மழைக்காலத்தில் ஓடையை எங்கே கடக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். போகலாமா கூடாதா என்று சொன்னவர் துரை. வரையாடு இங்கே பிழைத்ததற்கு அந்த வேட்டைக்காரர்களின் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்பதை, மனமில்லாவிட்டாலும், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் கேரள அரசு நிலத்தை மீட்டது. இரவிகுளம் 1975இல் சரணாலயம், 1978இல் 97 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. அதற்கு முன்பே வந்துவிட்ட 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27, 28ஆம் பிரிவுகள்தான் இன்றுவரை வாசலில் நிற்கின்றன. நுழைவது உரிமையல்ல, அனுமதி வேண்டும், அந்த அனுமதி தருவதற்கான காரணங்களில் சுற்றுலாவும் ஒன்று. இரவிகுளத்தில் பயணிகளுக்குத் திறந்திருப்பது ராஜமலைப் பகுதி மட்டுமே. வரையாடு குட்டி ஈனும் பருவத்தில் அதுவும் மூடப்படும்.

இதில் ஆறு எங்கே? அமெரிக்கா 1968இல் காட்டாறுகளுக்கென்றே தேசியச் சட்டம் இயற்றியது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை; காட்டைக் காத்தால் ஆறும் தப்பும் என்பதே ஏற்பாடு. இரவிகுளத்தின் மேற்கு ஓடைகள் பெரியாற்றுக்கும், கிழக்கு ஓடைகள் பாம்பாறு வழியாக அமராவதிக்கும் போகின்றன. பூங்கா எல்லையைத் தாண்டிய நொடியில் தண்ணீரின் சட்டமும் மாறிவிடுகிறது.

அந்தப் பாம்பாற்றைப் பின்தொடர்ந்தால் மழைமறைவுப் பிரதேசமான சின்னாறு வரும். 1984இல் சரணாலயமான 90 சதுர கிலோமீட்டர் முட்காடு அது. சின்னாறு என்ற ஆறு கேரள-தமிழ்நாடு எல்லையும்கூட. அது பாம்பாற்றோடு கலக்கும் இடத்துக்குக் கூட்டாறு என்று பெயர். வனத்துறை இந்தக் காட்டுக்குள் மரவீடு, கட்டைவீடு என்று தங்குமிடங்கள் அமைத்து, பழங்குடி வழிகாட்டிகளுடன் மட்டுமே ஆட்களை அனுப்புகிறது. நாமே கூடாரம் சுமந்து போய் இஷ்டப்பட்ட மணல்திட்டில் அடிக்க முடியாது. துரை காலத்தில் விலங்கை விரட்டிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே தட அறிவுக்குக் கூலி பெறுகிறார்கள். இது முன்னேற்றம்தான். ஆனாலும் அனுமதி எழுதும் பேனா இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை.

கட்டுப்பாடு வீண் கெடுபிடி என்பவர்கள் 2018 மார்ச் 11ஐ நினைக்க வேண்டும். அன்று தமிழ்நாட்டுப் பக்கமுள்ள குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பிறகே தமிழ்நாடு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது.

மாட்டுப்பட்டிக்கே திரும்புவோம். 2024 நவம்பர் 11 அன்று கொச்சியிலிருந்து கிளம்பிய கடல்விமானம் ஒன்று இந்த நீர்த்தேக்கத்தில் சோதனையாக வந்திறங்கியது. யானைகள் கடக்கும் இடம் என்று வனத்துறை ஆட்சேபம் தெரிவித்தது.