விளையாட்டும் மருந்துதான்: மட்டக்களப்புப் பூங்காவின் கதை

"எந்நேரமும் என்ன விளையாட்டு? போய்ப் படி!" எங்கள் சாரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் சாயங்காலம் இந்தக் குரல் கேட்கும். ஆனால் விளையாட்டையே மருந்தாகக் கொடுத்த வரலாறும் உண்டு நண்பர்களே!

மனக்கஷ்டம் வந்தால் பெரியவர்கள் யாரிடமாவது சொல்லி அழலாம். குழந்தைக்கு அதைச் சொல்ல வார்த்தை கிடையாது. 1920-களின் இறுதியில் லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர், மணல் நிரம்பிய தட்டையும் சின்னச் சின்னப் பொம்மைகளையும் குழந்தைகளிடம் கொடுத்தார். மனதில் இருந்ததை அவர்கள் மணலில் அமைத்துக் காட்டினார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் விளையாட்டு சிகிச்சை பற்றித் தனி நூலே எழுதினார். குழந்தை முன்னே போகட்டும், பெரியவர் பின்னால் போகட்டும், அவசரப்படுத்தாதீர்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

நம் தமிழ்க் குழந்தைகளுக்கு இது மிகவும் தேவைப்பட்ட இடம் இலங்கையின் மட்டக்களப்பு. 1990-இல் காத்தான்குடி, ஏறாவூர், சத்துருக்கொண்டான் என அடுத்தடுத்துப் படுகொலைகள் நடந்தன. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்தார்கள்.

இந்தச் சூழலில்தான் 1996-இல் அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா திறக்கப்பட்டது. இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான அருட்தந்தை பால் சற்குணநாயகமும், கனடா ஓவியர் பால் ஹோகனும் இதில் முன்னின்றார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைப் பேருந்தில் சேர்த்தே அழைத்து வந்தார்கள். களிமண், வண்ணம், கதை, நாடகம், வளர்ப்புப் பிராணிகள் எல்லாம் அங்கே இருந்தன. கூடவே இருந்து விளையாடியவர்கள் உள்ளூர் இளைஞர்கள். அவர்களிலும் பலர் போரை அனுபவித்தவர்களே.

இதில் என்ன மருந்து இருக்கிறது என்று கேட்கலாம். போரில் குழந்தையின் கையில் எதுவுமே இல்லை. களிமண் பொம்மை அப்படியல்ல! அதை உடைப்பதும் மறுபடி செய்வதும் குழந்தையின் இஷ்டம். பயத்தைக் கதையாக்கினால் அந்தக் கதைக்கு வேறு முடிவும் வைக்கலாம். பக்கத்தில் இருப்பது "எதிரி வீட்டுப்" பிள்ளை என்பதும் சேர்ந்து விளையாடும்போது மெல்ல மறந்துபோகும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தமிழகக் கடற்கரையிலும் இதே வழி உதவியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிபுணர்கள் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். படம் வரைதலும் பாட்டும் விளையாட்டும் நிவாரணத்தில் ஒரு பங்காயின.

வணிகவியல் மாணவனான எனக்கு எதையும் வரவு, செலவு என்று பார்க்கும் பழக்கம் உண்டு. விளையாட்டு நேரத்தை நாம் செலவுப் பக்கத்தில் எழுதுகிறோம். மட்டக்களப்பில் அதை வரவில் எழுதினார்கள். மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாக விளையாட்டை நிறுத்தும் முன், பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாமே!