பிழையான வாக்கியங்களின் வரலாறு

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர் 1745இல் ஓர் ஆங்கில இலக்கண நூலை வெளியிட்டார். இன்று கிடைக்கும் மிகப் பழைய பிரதி 1750இல் வந்த இரண்டாம் பதிப்புதான். அதில் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதப்பட்ட வாக்கியங்கள் இருந்தன. படிப்பவர் அவற்றைத் திருத்த வேண்டும். லத்தீன் வகுப்புகளில் இந்த வழக்கம் ஏற்கெனவே உண்டு. ஆங்கிலத்துக்கு அதைக் கொண்டுவந்த பெருமை ஃபிஷருக்கு உரியது. விதியை மனப்பாடம் செய்து ஒப்பித்துவந்த இடத்தில், பேனாவைக் கையில் கொடுத்துப் பிழை எங்கே என்று கேட்பது பெரிய மாற்றம்தான்.

இலக்கணப் பயிற்சி அதன்பின் பல உருவங்களை எடுத்தது. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருந்தது: கற்பவர் செய்யும் பிழையை என்ன செய்வது?

1762இல் தன் இலக்கணத்தை வெளியிட்ட ராபர்ட் லோத், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர், ஷேக்ஸ்பியர், மில்டன் போன்றோரின் வரிகளிலேயே பிழை கண்டு அடிக்குறிப்பில் அடுக்கினார். பெரிய கவிகளுக்கே இந்தக் கதி என்றால் பள்ளிப் பிள்ளைகள் எம்மாத்திரம்! இந்தப் பிழை வேட்டையைச் சந்தைப் பொருளாக்கியவர் லிண்ட்லி மரே. அமெரிக்காவில் பிறந்து யார்க் நகரில் குடியேறிய இவர், அங்கிருந்த குவேக்கர் பெண்கள் பள்ளியின் ஆசிரியைகளுக்கு உதவவே எழுதத் தொடங்கினார். இலக்கணம் 1795இல் வந்தது. பயிற்சி நூலும் அதற்கான விடை நூலும் 1797இல் தனித்தனியாக வந்தன. எழுத்து, தொடர், நிறுத்தக்குறி, தெளிவு என நான்கிலும் பிழையான வாக்கியங்கள் வரிசை வரிசையாக இருந்தன. ஆசிரியர் இல்லாமல் படிப்பவரும் தாமே திருத்திக்கொள்ள விடை நூல் உதவியது. என் கணிப்பில் மரேயின் உண்மையான கண்டுபிடிப்பு இலக்கணமல்ல, இந்த விடை நூல்தான்.

இந்தியாவுக்கு வந்த பயிற்சி இன்னும் பருத்தது. 1890களில் மேக்மில்லன் வெளியிட்ட ஜே. சி. நெஸ்ஃபீல்டின் வரிசை நூல்கள் இங்குள்ள பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 1930களில் ‘ரென் அண்ட் மார்ட்டின்’ என்று அறியப்படும் இலக்கண நூல் வந்தது. இந்தியக் கல்விப் பணியில் இருந்த பி. சி. ரென், ‘போ கெஸ்ட்’ என்ற சாகச நாவலால் உலகப் புகழ் பெற்றவர். நம் ஊரில் அவர் பெயர் நிலைத்ததோ இலக்கணப் புத்தகத்தால். ‘ஹி இஸ் டூ வீக் டு வாக்’ என்பதில் ‘டூ’வை நீக்கி எழுதச் சொல்வார்கள். ‘ஹி இஸ் ஸோ வீக் தட் ஹி கெனாட் வாக்’ என்று மாற்றினால் மதிப்பெண். இங்கே பிழை ஏதுமில்லை. சரியான ஒரு வாக்கியத்தை இன்னொரு சரியான வாக்கியமாக மாற்றுவதே வேலை. தேர்வுக்கூடத்துக்கு வெளியே யாருக்கும் வராத தேவை இது. திருத்துவதற்கு மட்டும் மிக வசதி.

இருபதாம் நூற்றாண்டு பிழையையே வெறுத்தது. ஹெரால்டு பால்மர் 1916இல் வெளியிட்ட பதிலீட்டு அட்டவணைகளில் ஒரு கட்டத்துச் சொல்லை அடுத்த கட்டத்துச் சொல்லோடு எப்படிச் சேர்த்தாலும் சரியான வாக்கியமே கிடைக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1941இல் ஆங்கில நிறுவனம் தொடங்கியபின் சார்லஸ் ஃப்ரீஸ் வாய்வழிப் பயிற்சியை மையமாக்கினார். மாதிரி வாக்கியத்தை வகுப்பே கோரஸாகச் சொல்லி நாவுக்குப் பழக்கமாக்க வேண்டும். மொழிக் கல்வியாளர் நெல்சன் புரூக்ஸ் 1960இல் பிழையைப் பாவத்தோடு ஒப்பிடும் அளவுக்குப் போனார்.

இந்த அலை சென்னை மாநிலத்தையும் தொட்டது. 1950களில் வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினம் என அடுக்கிய பாடத்திட்டம் இங்கே புகுந்தது. ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி ‘திஸ் இஸ் எ புக்’ என்பார், வகுப்பு திருப்பிச் சொல்லும். இந்த முறையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 27,000 பேரைப் பழக்கும் பெரிய இயக்கம் நடந்தது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தரவேண்டும் என்ற ஏற்பாட்டால் அதற்கு ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்றே பெயர். பனியே விழாத ஊருக்குப் பனி உருண்டை!

1967இல் மொழியியலாளர் பிட் கார்டர் எழுதிய ஒரு கட்டுரை பார்வையைப் புரட்டிப் போட்டது. கற்பவரின் மனத்தில் மொழி எப்படி உருவாகிறது என்பதற்குப் பிழையே சான்று என்றார் அவர். அதைப் போகிற போக்கில் அழித்துவிடக் கூடாது, படிக்க வேண்டும்.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு இன்னும் ஒரு படி மேலே போனார். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலான ஊர்ப் பள்ளிகளில் அவர் நடத்திய சோதனை வகுப்புகளில் இலக்கணப் பயிற்சியே கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டி முதலில் போய்ச் சேரும் என்று கேட்பார்கள். மாணவர் ‘ட்ரெயின் ரீச் டென் ஓ கிளாக்’ என்றால், ‘எஸ், இட் ரீச்சஸ் அட் டென்’ என்று ஆசிரியர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். விதி விளக்கம் இல்லை, பத்து முறை எழுதவைப்பதும் இல்லை. மதிப்பெண் விடைக்குத்தான், வாக்கியத்துக்கு அல்ல.

பெரெட்டா, டேவிஸ் ஆகியோர் இந்த வகுப்புகளை வழக்கமான வகுப்புகளோடு ஒப்பிட்டு 1985இல் வெளியிட்ட மதிப்பீடு, பொதுவாகப் பிரபுவின் பக்கமே சாய்ந்தது. ஆனாலும் பள்ளிகள் பழைய பயிற்சியை விடவில்லை. நாற்பது, ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவர் பேச்சையும் கவனித்துத் திருத்த எந்த ஆசிரியரால் முடியும்? கோடிட்ட இடங்களை நிரப்பிய தாளைப் பத்தே நிமிடத்தில் திருத்திவிடலாம்.

அதே 1985இல்தான் கேம்பிரிட்ஜ், ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ நூலை வெளியிட்டது. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி, கடைசிப் பக்கங்களில் விடை. உலகமெங்கும் விற்கும் அந்த நூலுக்கு வாசகரின் தாய்மொழி தெரியாது. ‘எ’, ‘த’ என்ற ஆர்ட்டிகிள்கள் பற்றிய பாடங்கள் ஒரு பிரெஞ்சுக்காரருக்கு எத்தனையோ, அவற்றுக்கு நேர் இணை இல்லாத தமிழில் வளர்ந்தவருக்கும் அத்தனைதான். மதுரை மாணவர் அந்தப் பாடங்களை முடித்தபின்னும் ‘த’ எங்கே வரும் என்று தடுமாறுவார். ஏன் தடுமாறுகிறார் என்பதற்கு விடைப் பக்கத்தில் பதில் இருக்காது.