கிரகணக் கணக்கும் லிஸ்ப் மொழியும்

வட்டுக்கோட்டைக்கு அயலூராகிய அராலி, பஞ்சாங்கங் கணித்தோர் வாழ்ந்த ஊர். அவருள் விசுவநாத சாஸ்திரியார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பெயர்பெற்று விளங்கினார். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவர் கணித்தார். அதனையே வட்டுக்கோட்டைச் செமினறியின் அதிபராகிய டானியல் புவர் பாதிரியார் ஐரோப்பிய முறையாற் கணித்தார். தொடங்கும் நேரத்திலும், மறையும் அளவிலும், நீடிக்கும் காலத்திலும் இரு கணக்குகளும் வேறுபட்டன. கிரகண நாளில் வானம் புவரின் கணக்கோடு இயைந்தது. அவ்வெற்றி பின்னர்ச் சமயவாதத்துக்குக் கருவியாயிற்று. அவ்வாதம் ஈண்டு எமக்கு வேண்டுவதன்று. பிழைபட்ட விதியைத் திருத்துவோர் அதனை எவ்வாறு திருத்துவர் என்பதே இக்கட்டுரையின் வினா. அதனை விளக்குதற்கு, 1958இல் தோன்றிய லிஸ்ப் என்னும் கணினி மொழி பெருந்துணை செய்கின்றது.

நம் நாட்டில் வழங்கிய வாக்கிய முறையின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். 248 நாள்களுக்குச் சந்திரன் நிற்கும் நிலைகளை, ஓரெழுத்துக்கு ஓரெண்ணாக அமைந்த சிறு வாக்கியங்களாக மனனஞ் செய்து கணிப்பது அம்முறை. ஜோன் வாரன் என்பார் 1825இல் சென்னையில் வெளியிட்ட 'காலசங்கலித' என்னும் நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைக் குறித்து எழுதியுள்ளார். அவர் நிலத்திற் சோகிகளைப் பரப்பி, மனனஞ் செய்த வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் ஏறக்குறைய 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழைத்தன. வியத்தகு திறன்! ஆயினும், அவ்விதிகளின் காரணத்தை அவர் அறிந்தாரல்லர் என்று வாரன் கூறுகின்றார். காரணம் அறியாதார்க்கு 52 நிமிடப் பிழை எப்படியிலே புகுந்தது என்று தேடுதல் இயலாது.

இதுகொண்டு நம்மவர் கணிதம் முழுவதும் மனனமே எனக் கொள்ளுதல் தவறு. கேரளத்துப் பரமேசுவரர் நெடுங்காலம் கிரகணங்களைக் கண்ணாற் கண்டு, பழைய கணக்குகளைத் திருத்தி, 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். 'திருக்' என்பது காட்சியைக் குறிக்கும் வடசொல்லின் திரிபு. செமினறியிற் கற்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதத்தைத் தமிழில் வெளியிட்டார். எண் நிற்கும் இடத்தில் எழுத்தை நிறுத்தி, விதியையே கண்முன் வைத்து ஆராயச் செய்வது வீசகணிதம். லிஸ்ப் அவ்வழியில் மேலும் ஒருபடி சென்றது.

அம்மொழியை வகுத்தவர் அமெரிக்காவின் மசாசூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்திற் பணியாற்றிய ஜோன் மக்கார்தி. அதன் அடிப்படையை அவர் 1960இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அதன் இலக்கணம் மிகச் சிறிது. அடைப்புக்குறிக்குள் முதலிற் செயலும், பின்னர் அச்செயலுக்கு உரியனவும் நிற்கும். (+ 2 3) என்பதன் பயன் 5. (+ 2 (* 3 4)) என்பதில் உள்ளடைப்பு முதலில் 12 ஆகும். பின்னர் முழுதும் 14 ஆகும்.

எண்ணைப் போலவே பட்டியலும் லிஸ்பில் ஒரு பொருள். (திங்கள் செவ்வாய் புதன்) என்னும் பட்டியலின் முதலுறுப்புத் 'திங்கள்'; எஞ்சியது (செவ்வாய் புதன்). இவற்றைப் பெறுஞ் செயல்கள் கார், குடர் எனப்படும். அப்பெயர்கள் ஐ.பி.எம். 704 என்னும் பொறியின் உறுப்புக்களை ஒட்டி எழுந்தவை. பட்டியலின் முன்னே ஓர் உறுப்பைச் சேர்ப்பது கொன்ஸ். உறுப்புக்களை எண்ணுதற்கு விதி இது: பட்டியல் வெறிதாயின் விடை 0; அன்றேல், எஞ்சியதன் எண்ணிக்கையோடு 1 கூட்டுக. விதி தன்னையே மீண்டும் அழைக்கின்றது. ஒவ்வொரு முறையும் பட்டியல் குறுகுவதால் ஈற்றில் நின்றுவிடும். மேற்கூறிய பட்டியலுக்கு 1+1+1+0, அஃதாவது 3 என வரும்.

இனி, லிஸ்பின் தலையாய சிறப்பைக் கூறுவாம். (+ 2 3) என்பதன் முன் ஒரு மேற்கோட்குறியை இட்டு '(+ 2 3) என எழுதின், அது செய்யப்படாது, பட்டியலாகவே நிற்கும். அதன் முதலுறுப்பு யாதெனின் + என்பதே. எனவே விதியும் பொருளாகின்றது. அதனைப் பிரிக்கலாம், ஓருறுப்பை மாற்றலாம், மீண்டும் செய்விக்கலாம். பட்டியலைப் படித்துப் பயன் காணும் விதியையும் மக்கார்தி லிஸ்ப் வடிவிலேயே எழுதினார். அது கட்டுரைக்கென எழுதப்பட்டது. அவருடன் பணியாற்றிய ஸ்டீவ் ரசல் அதனைப் பொறிமொழியிற் பெயர்த்து ஐ.பி.எம். 704இல் இயங்கச் செய்தார்.

புதுச்சேரியார் முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கருவியில் இல்லை. சோகியாலும் கணிக்கலாம், பொறியாலும் கணிக்கலாம். விதியைத் திறந்து பார்க்கும் உரிமை கணிப்பவனுக்கு உண்டோ என்பதே வேறுபாடு. பிறர் எழுதிய நிரலைப் பார்த்தெழுதி, விடை வந்ததும் அமையும் மாணவரை வகுப்பறையில் நாடோறும் காண்கின்றேன். அவர் கையிற் கணினி இருப்பினும், செய்வது சோகிக் கணக்கே. அன்றியும் புதுச்சேரியாரின் நினைவாற்றலும் அவரிடத்து இல்லை.

ஆதலின் மாணவர்காள், லிஸ்பைக் கற்கப் புகுவோர் முதலிற் கணினியைத் தொடவேண்டா. வாரநாள் ஏழினையும் ஒரு பட்டியலாகத் தாளில் எழுதுங்கள். எண்ணும் விதியைப் படிப்படியாகச் செய்து பாருங்கள். பின்னர் அவ்விதியில் 0 நின்ற இடத்தில் 1 இட்டு, விடை எங்கே பிழைக்கின்றது என்று கண்டு, காரணத்தை ஒருவருக்கொருவர் கூறுங்கள். பிழையின் இடத்தைக் காட்ட வல்லவனே அதனைத் திருத்த வல்லவன். பரமேசுவரர் கிரகணந்தோறும் வானத்தை நோக்கிச் செய்ததும் அதுவேயாம்.